செய்தியும் ஓர் அமானிதமே

குழந்தை பிறந்த வீட்டில் செய்ய வேண்டியவை என்னென்ன என்று நம்மில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்கிறோம். பேரீத்தம்பழத்தை மென்று நாவில் தடவுகிறோம். ஏழாம் நாள் முடி களைந்து, அகீகா கொடுத்து, நல்ல பெயர் சூட்டுகிறோம். மகிழ்ச்சியான பிறப்புக்குரிய ஒழுக்கங்கள் அனைத்தையும் பெரியவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

ஆனால், பிறந்த குழந்தையின் மூளையில் காயம் பட்டிருக்கிறது, அது ஆயுள் முழுதும் நீங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதைப் பெற்றவர்களிடம் யார் சொல்வது? எப்போது சொல்வது? எவ்வளவு சொல்வது? இந்த ஒழுக்கத்தைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. அந்த நாள் வந்த பிறகு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, கலங்கிய நெஞ்சோடு ஏதோ ஒரு முடிவுக்கு வருகிறோம். அப்படி ஒரு முடிவுக்கு வந்து, அதன் பலனையும் கண்ணால் கண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பத்தாண்டுகளுக்கு முன் என் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, லீவு கிடைக்கவில்லை. தங்கையின் கணவர் முன்பே காலமாகிவிட்டதால் நான்தான் முன்னின்று பார்க்க வேண்டியிருந்தது. வலி எடுத்து நெடுநேரம் சென்ற பின், குழந்தையின் தலைக்கு முன்பாகத் தொப்புள்கொடி நழுவி வந்துவிட்டது. ஓடிப் போய் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிள்ளை அழவில்லை. இரண்டாம் நாள் வலிப்புக் கண்டது. ஒன்பதாம் நாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா வெளியே வந்து, "பொறுப்பான ஆண்பிள்ளை யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் போனேன். நின்றபடியே சொன்னார், நின்றபடியே கேட்டேன். மூளையில் உடம்பின் அசைவை ஆளும் பகுதியில் காயம் பட்டிருக்கிறது, அது ஆறிவிடக்கூடிய காயம் அன்று என்றார்.

"பிள்ளையின் தாயாரிடம் நான் பேசட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் டாக்டரம்மா. பச்சை உடம்பு. நாற்பது கழியட்டும். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். அவர் தயங்கினார். பிறகு சரி என்றார்.

நாற்பது கழிந்தது. நான் சொல்லவில்லை. வலிப்புக்குக் கொடுத்த மருந்தைச் 'சத்து மருந்து' என்று சொல்லிக் கொடுக்கச் செய்தோம். மீண்டும் காட்ட வேண்டிய தேதிகள் எழுதிய தாளை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மாப்பிள்ளை போனில் கூப்பிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க விரும்பும்போதெல்லாம், தூங்கும் நேரம் பார்த்துக் காட்டினோம். "அமைதியான பிள்ளை, அழுது தொந்தரவே தருவதில்லை" என்று நானே அவரிடம் சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து மாப்பிள்ளை ஊர் வந்தார். அவர் கொண்டுவந்த பெட்டியில் ஒரு நடைவண்டி இருந்தது. பிள்ளையைத் தூக்கினார்; தலை நிற்கவில்லை, தோளில் சாய்ந்தது. நிமிர்த்தினார், மீண்டும் சாய்ந்தது. சற்று நேரம் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பி, "மாமா, என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மறைப்பது கூடுமா?

என் பக்கத்திலும் நியாயம் உண்டு என்று அன்று நம்பினேன். பெற்றவளின் உடம்பு தேறவில்லை. அதிர்ச்சியில் பால் வற்றிப்போகும் என்று பயந்தேன். கடல் கடந்து தனியே இருப்பவன் இதைக் கேட்டு என்ன செய்வான் என்று இரங்கினேன். ஒரு நாளாவது அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று எண்ணினேன். இவை கெட்ட எண்ணங்கள் அல்ல. மறைப்பவர்களில் பெரும்பாலோர் அன்பினால்தான் மறைக்கிறார்கள்.

இந்த இடத்தில் நமக்கு நினைவுக்கு வருவது உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் அது பதிவாகியிருக்கிறது. அவர்களின் கணவர் அபூதல்ஹா (ரலி) வெளியே சென்றிருந்தபோது நோயுற்றிருந்த மகன் மௌத்தாகிவிட்டான். தாமே சொல்லும்வரை வேறு யாரும் சொல்லக்கூடாது என்று அந்த அம்மையார் வீட்டாரிடம் கூறிவிட்டார்கள். கணவர் வந்து மகனைப் பற்றிக் கேட்டபோது, அவன் முன்பைவிட அமைதியாக இருக்கிறான் என்ற பொருளில் விடை கூறினார்கள். உணவு பரிமாறி, அவர் இளைப்பாறிய பின்பு, இரவல் கொடுத்தவர் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்க முடியுமா என்று கேட்டு, அந்த உவமையின் வழியே உண்மையைச் சொன்னார்கள்.

இதை எடுத்துக் காட்டி, "பார்த்தீர்களா, அந்த அம்மையாரும் மறைத்தார்களே!" என்று கூறுவோர் உண்டு. நானும் என் மனத்துக்குள் அப்படித்தான் கூறிக்கொண்டேன். ஆனால் நிகழ்ச்சி முழுவதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, அவர்கள் தாமதித்தது ஓர் இரவுக்குத்தான், மாதக்கணக்கில் அன்று. இரண்டாவது, வாயால் பொய் சொல்லவில்லை. சொன்ன சொல் ஒரு வகையில் உண்மையாகவே இருந்தது என்று உரையாசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். மூன்றாவது, சொல்லும் பொறுப்பை வேறொருவரிடம் தள்ளிவிடாமல், அந்தத் துக்கத்தில் சம பங்குடைய தாயே அதை ஏற்றுக்கொண்டார்கள். நான்காவது செய்தியை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். அபூதல்ஹா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்தது! இத்தனை நேரம் என்னை அறியாமல் இருக்க விட்டுவிட்டு இப்போது சொல்கிறாயே என்று மனம் நொந்து, விடிந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இருவருக்கும் பரக்கத்தை வேண்டி துஆச் செய்தார்கள்.

இவ்வளவு அழகாக, இவ்வளவு அன்போடு, ஒரே ஓர் இரவு தாமதித்துச் சொன்ன செய்திக்கே தந்தையின் உள்ளம் நொந்தது என்றால், ஏழு மாதம் மறைத்த எனக்கு எந்த ஹதீஸில் இடம் கிடைக்கும்?

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அங்கே பிள்ளையின் ஹயாத்து முடிந்துவிட்டது. அந்த ஓர் இரவில் பிள்ளைக்காகப் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றும் மீதமில்லை. இங்கேயோ பிள்ளை உயிரோடிருக்கிறது. அதற்குச் செய்ய வேண்டியவை அன்றைக்கே தொடங்குகின்றன. இறந்த பிள்ளையைப் பற்றிய செய்தியைத் தாமதித்தால் பெற்றோருக்கு மட்டுமே நட்டம். காயம்பட்ட பிள்ளையைப் பற்றிய செய்தியைத் தாமதித்தால் அந்தப் பிள்ளைக்கே நட்டம்.

தெரிந்ததும் தெரியாததும்

இதைப் புரிந்துகொள்ள, பிள்ளையின் தலைக்குள் நடப்பது என்ன என்று கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது.

பிறப்பு நேரத்தில் பிள்ளைக்குப் பிராணவாயு போதாமல் போனால் மூளை உடனே தளர்ந்துவிடுகிறது. பிறகு இரத்த ஓட்டம் திரும்பியதும் சற்றுத் தெளிவு வருவதுபோல் தோன்றும். சில மணி நேரம் சென்று இரண்டாம் கட்டச் சேதம் ஆரம்பிக்கிறது. வலிப்பு பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. சேதம் எந்த இடத்தில், எவ்வளவு என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முதல் வாரத்தின் இறுதியை ஒட்டித்தான் தெளிவாகக் காட்டும். ஆகவே, முதல் நாளே "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதும் அறியாமை. முதல் நாளே "இனி ஒன்றுமில்லை" என்று சொல்வதும் அறியாமை. பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போடுகிறார்களே, 1952-இல் வர்ஜினியா அப்கார் என்ற அமெரிக்க டாக்டர் அம்மையார் வகுத்த முறை அது. பிள்ளைக்கு உடனே உதவி வேண்டுமா என்று பார்ப்பதற்காக வந்ததே தவிர, பிள்ளையின் வருங்காலத்தைக் கணிப்பதற்காக வந்ததன்று.

ஸ்கேன் பார்த்த பிறகும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகள் கெட்டிருந்தால் கை கால் அசைவு பாதிக்கப்படும் என்று சொல்லலாம். நடக்குமா, எத்தனை வயதில் உட்காரும், பேசுமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. உடம்பு கட்டுப்படாத பிள்ளைகள் பலருக்கு அறிவு நன்றாகவே இருக்கிறது. வாய் பேசாததைக் கண்டு உள்ளே ஒன்றும் இல்லை என்று நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

ஆகவே சொல்பவருக்கு இரண்டு கடமைகள் இருக்கின்றன. தெரிந்ததை ஒளிக்கக்கூடாது, தெரியாததைத் தெரிந்தாற்போல் சொல்லக்கூடாது. "இந்தப் பிள்ளை நடக்கவே நடக்காது" என்று பிறந்த பத்தாம் நாள் அடித்துச் சொல்பவர், மறைவானதை அறிந்தவர்போல் பேசுகிறார். "துஆச் செய்யுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவரும் அப்படியே. துஆ நம் கடமை. ஆனால் அதன் முடிவை வாக்குறுதியாக விற்பதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. "இது நமக்குத் தெரியும், இது இன்னும் தெரியாது, இன்ன மாதத்தில் இன்னும் கொஞ்சம் தெரியும்" என்று பிரித்துச் சொல்வதே நேர்மையாகும். அந்தத் 'தெரியாது' என்ற சொல்லிலேயே பெற்றவர்கள் பற்றிக்கொள்ளத்தக்க உண்மையான நம்பிக்கை இருக்கிறது.

மாதங்கள் ஏன் முக்கியம்? மூளை மிக வேகமாக வளரும் காலம் முதல் இரண்டாண்டுகள். பெருமூளை வாதம் என்ற நிலையை ஒரு வயதுக்கு மேல்தான் உறுதி செய்ய முடியும் என்று முன்பு காத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம், கண்டவுடன் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று 2017-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து எழுதினார்கள். கையும் காலும் இறுகிப்போகாமல் காப்பது, மூச்சுக்குழலில் ஏறாமல் பால் புகட்டுவது, கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது ஆகிய யாவும் அந்த மாதங்களின் வேலைகள். என் பீரோவில் பூட்டியிருந்த தாளில் எழுதியிருந்தவை அவைதாம். பின்னால் நாங்கள் போனபோது, "முன்பே வந்திருந்தாலும் காயம் மாறியிருக்காது, ஆனால் இடுப்பும் கணுக்காலும் இவ்வளவு இறுகியிருக்காது" என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

யார் குற்றம்?

செய்தியைச் சொன்ன மறுகணமே எழும் கேள்வி இது. நம் வீடுகளில் இந்தக் கேள்வி எப்போதும் பிள்ளையைப் பெற்றவளை நோக்கியே திரும்புகிறது. கிரகணத்தில் வெளியே வந்தாளா, மாடிப்படி ஏறினாளா, அந்தி நேரத்தில் கிணற்றடிக்குப் போனாளா என்றெல்லாம் மாமி வீட்டார் கணக்கெடுக்கிறார்கள். இது பெரும் அநியாயம்.

கடினமான பிரசவத்துக்கும் பிள்ளையின் கைகால் இறுக்கத்துக்கும் தொடர்பிருக்கிறது என்று வில்லியம் ஜான் லிட்டில் என்ற ஆங்கில மருத்துவர் 1861-இல் லண்டன் மருத்துவர் சபையில் எடுத்துக்கூறினார். பிரசவத்துக்கு முன்பே கருவில் ஏற்பட்ட கோளாறும் காரணமாக இருக்கலாம் என்று 1897-இல் சிக்மண்ட் பிராய்ட் எழுதினார். பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினருக்கே பிறப்பு நேரத்து மூச்சுத்திணறல் காரணம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. கொடி நழுவுவதையோ, நஞ்சு முன்னதாகப் பிரிவதையோ எந்தத் தாயும் தன் செயலால் வரவழைத்துக்கொள்வதில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்..." என்ற ஏக்கமும் பலரைத் தின்கிறது. பிறந்து 6 மணி நேரத்துக்குள் பிள்ளையின் உடல் வெப்பத்தை 33, 34 டிகிரி செல்சியசுக்குக் குறைத்து 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை செல்வ நாடுகளில் பலன் தந்தது உண்மையே. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் பெரிய ஆஸ்பத்திரிகளில் 408 பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில் அது பலன் தரவில்லை. குளிர்வித்த பிள்ளைகளிடையே இறப்பும் கூடுதலாக இருந்தது. ஆகவே, நாம் செய்யாமல் விட்ட ஒன்றுதான் பிள்ளையைக் கெடுத்தது என்று யாரும் தம்மைத் தாமே வதைத்துக்கொள்ள வேண்டாம்.

அதே சமயம், பிரசவத்தின்போது உண்மையிலேயே தவறு நேர்ந்திருந்தால் அதையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய கடமை மருத்துவருக்கு இருக்கிறது. விதி என்ற சொல்லைத் தவறுக்குப் போர்வையாக்குவது விதியை நம்புவதன்று.

சொல்லும் முறை

துக்கச் செய்தியைச் சொல்ல மருத்துவர்களுக்கு ஒழுங்கு வகுத்திருக்கிறார்கள். புற்றுநோயாளிகளுக்காக 2000-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஆறு படிகள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன: தனியிடத்தில் உட்கார்ந்து பேசுவது, அவர்கள் ஏற்கனவே என்ன அறிந்திருக்கிறார்கள் என்று கேட்பது, எவ்வளவு கேட்க விரும்புகிறார்கள் என்று அறிவது, எளிய சொற்களில் சிறிது சிறிதாகச் சொல்வது, அவர்கள் கலங்கும்போது பொறுத்திருப்பது, அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து முடிவெடுப்பது. இவற்றில் ஒன்றுகூட நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று.

பெற்றோர் விஷயத்தில் இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். தாயையும் தந்தையையும் சேர்த்து வைத்துச் சொல்ல வேண்டும். ஒருவரிடம் சொன்னால், மற்றவரிடம் சொல்லும் பாரம் முழுதும் அவர் தலையில் விழுகிறது. கணவர் வெளிநாட்டில் இருந்தால் போனிலாவது அவரையும் அந்த நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். முடிந்தால் பிள்ளை அவர்கள் மடியில் இருக்க, பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். 'கேஸ்' என்று சொல்லக்கூடாது. சொல்லிவிட்டு ஓடிவிடவும் கூடாது. முதல் நாள் கேட்டதில் பாதிகூட மனத்தில் நிற்காது, மறுநாளும் வந்து சொல்ல வேண்டும்.

சுற்றி நிற்கும் நாம் "அழாதே, சபூர் செய்" என்று வாயை அடைக்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும் நேரத்தில் கண்ணீர் வடித்தார்கள். தோழர் ஒருவர் வியந்து கேட்டபோது, அது இரக்கத்தின் அடையாளம் என்று விளக்கினார்கள். அழுவது சபூருக்கு மாறானதன்று. அழவிட்ட பிறகு பேசுவதே நலம்.

பிள்ளைக்கு உரிய வழிகளையும் கையோடு சொல்லிவிட வேண்டும். 2013 முதல் மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஏற்பட்டு வருகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனம் பல்வகை ஊனமுள்ளோருக்கென்றே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பெருமூளை வாதத்தையும் தனி வகையாக ஏற்றிருக்கிறது. போக வேண்டிய இடம் ஒன்று உண்டு என்று தெரிந்தாலே பெற்றவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

இனி, என் வீட்டுக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை கேட்ட அன்றிரவு, பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்த் தங்கை மகளின் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்கும்படி கேட்டேன். அவள் அழவில்லை. பிள்ளையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு மொத மாசமே தெரியும் மாமா. பால் குடிக்கிறப்பவே தெரியும். நீங்க எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களே, உங்க மனச ஒடைக்க வேணாம்னு நான்தான் வாயத் தொறக்கல."

அவளிடமிருந்து நாங்கள் மறைத்தோம். எங்களிடமிருந்து அவள் மறைத்தாள். ஒரே கூரையின் கீழ் ஏழு மாதம், ஒருவர் மேல் ஒருவர் வைத்த அன்பினால், அனைவரும் தனித்தனியே துக்கப்பட்டுக்கொண்டிருந்தோம். பச்சை உடம்புக்காரி என்று நான் இரங்கிய அந்தப் பெண், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் அவளைத் துக்கத்திலிருந்து காப்பாற்றவில்லை. அந்தத் துக்கத்தில் அவளுக்குத் துணையில்லாமல் செய்ததுதான் நான் செய்த வேலை.

பிள்ளை பெற்றவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பிள்ளையைப் பற்றிய செய்தியும் அப்படித்தான். டாக்டரின் கையிலும் என் கையிலும் அது சற்று நேரம் இருந்தது; எங்களுக்குச் சொந்தமானதன்று. அமானிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் கையில் மென்மை இருக்க வேண்டும். நேரமும் இடமும் பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்காமல் வைத்துக்கொள்ள, நம் அன்பையும்கூடக் காரணமாகக் காட்ட முடியாது.

பிள்ளைக்கு இப்போது வயது பத்து. சாய்வு நாற்காலியில் பட்டி கட்டி உட்காருகிறான். பேச்சு வரவில்லை. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தால் ஒலி வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, முடியும் வரை அசையாமல் கேட்கிறான். நடைவண்டியை மாப்பிள்ளை யாருக்கும் கொடுக்கவில்லை, மாடியில் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் பேசுகிறோம்.

இப்படிப்பட்ட செய்தி யார் கையிலாவது வந்து சேர்ந்தால், அதை உரியவர்களிடம் ஒப்படைக்கும் துணிவையும், ஒப்படைத்த பின் அவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பொறுமையையும் அல்லாஹ் தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.